நர்ஸம்மாவுக்கு நாலு சீட்டு

மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள். பறந்துவிடக்கூடாது என்று விசிறியை நிறுத்திவிட்டு, யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது என்று கதவையும் சாத்திக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து நர்ஸம்மா எண்ணினாள். கேள்வி அவளுடையது. பெட்டியும் அவளுடையது. மருந்து வந்த அட்டைப் பெட்டிக்கு வெள்ளைத் தாள் ஒட்டி, மேலே வாய் வெட்டி, ‘பெயர் எழுத வேண்டாம்’ என்று சிவப்பு மையில் எழுதியதும் அவள்தான். ‘உனக்கு ஒரு சிக்கல் வந்தால் இந்தப் பள்ளியில் யாரிடம் போய்ச் சொல்வாய்?’ என்பது கேள்வி. என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்த பதிலை எண்ணிக்கையாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பத்தான் கேள்வியே.

எண்ணி முடித்தபோது தாளில் இருந்தது இதுதான். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று நூற்று எழுபது பேர். ஜெராக்ஸ் அக்காவுக்கு நூற்று நாற்பத்து மூன்று. விளையாட்டு வாத்தியாருக்கு முப்பத்தெட்டு. மற்ற ஆசிரியர்கள் அத்தனை பேரையும் ஒரே கூடையில் போட்டால் ஐம்பத்தேழு. நர்ஸம்மாவுக்கு நாலு.

அந்த நாலையும் தனியாக எடுத்துப் பார்த்தாள். ஒன்றில் ‘நர்ஸ் மேடம், கால் சுளுக்கினால் மட்டும்’ என்றிருந்தது. இன்னொன்றில் ‘நர்ஸ் மேடம், ஏனென்றால் இதை எண்ணப்போவது அவர்தான்’. மூன்றாவதில் அவள் பெயரை அடித்துவிட்டு மேலே வேறு யாரையோ எழுதியிருந்தது. அதையும் அவள் தன் பக்கம்தான் சேர்த்திருந்தாள். ஆக உருப்படியாகத் தேறியது ஒன்று. அந்த ஒன்றிலும் எழுத்துப் பிழை.

ஊரே தப்பு செய்யும், தான் செய்யமாட்டோம் என்று நம்புகிற பெண்மணி அவள். இருந்தாலும் மறுபடி எண்ணினாள். எண்ணாமல் இருந்திருக்கலாம். இரண்டாவது சுற்றில்தான் அந்தச் சீட்டு கையில் வந்தது. ‘ஜெராக்ஸ் அக்கா’ என்று இரண்டே வார்த்தை. புள்ளி வைக்கவேண்டிய மூன்று இடத்திலும் புள்ளிக்குப் பதில் குட்டிக் குட்டி வட்டம். முதல் வகுப்பிலிருந்து அப்படி வட்டம் போடாதே என்று அவள் தலையில் குட்டியும் திருந்தாத வட்டம். அவள் பெற்ற மகளின் கையெழுத்து.

நர்ஸம்மா அந்தச் சீட்டைத் தனியாக எடுத்து வைத்தாள். நூற்று நாற்பத்து இரண்டு ஊரார் பிள்ளைகள் எழுதியதைக் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். இந்த ஒன்றை எப்படிப் பொறுப்பது?

பதினோரு வருஷம். பள்ளி நலத்திட்டம் என்று ஒன்று இந்தக் கட்டடத்தில் இருக்கிறதென்றால் அது அவளால்தான். புதன்கிழமைதோறும் ஒரு வகுப்பு. ஒரு பக்கம் சிவந்த நுரையீரல், மறுபக்கம் கறுத்த நுரையீரல் என்று ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போவாள். மாதத்தின் முதல் திங்கள் சொல்லாமல் கொள்ளாமல் பைச் சோதனை. சுகாதார அறையில் ஒரு பேரேடு: பெயர், வகுப்பு, என்ன தொந்தரவு, என்ன கொடுத்தது, வீட்டுக்குத் தெரிவிக்கப்பட்டதா. அந்தக் கடைசிக் கட்டத்தை அவள் ஒருநாளும் காலியாக விட்டதில்லை. பிள்ளை பெஞ்சிலிருந்து எழுந்திருப்பதற்குள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ போன் போயிருக்கும். இவ்வளவு அக்கறையாக இருந்தும் வருஷா வருஷம் அறைக்கு வருகிற கூட்டம் குறைந்துகொண்டே வந்ததே, அதை அவள் பிள்ளைகள் ஆரோக்கியமாகிவிட்டதாக எடுத்துக்கொண்டாள். அறிக்கையிலும் அப்படித்தான் எழுதினாள்.

ஜெராக்ஸ் அக்கா வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. மாடிப்படிக்கு அடியில், ஒரு ஆள் குனிந்து நுழைகிற அறை. ஒரு மெஷின், ஒரு மேஜை, சுவரோரம் தாள் கட்டுகள், மெஷின் சூட்டில் எப்போதும் ஒரு தீய்ந்த மை வாசனை. படிப்பு பள்ளியிறுதியோடு சரி. வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. கொடுத்ததைப் படியெடுத்துத் தருவதுதான் உத்தியோகம். சொல்லப்போனால் புகையிலை பற்றி நர்ஸம்மா தயாரித்த துண்டறிக்கைகளைக்கூட அவள்தான் படியெடுப்பாள். அதிலும் மேலிடத்திலிருந்து அலுவலகத்துக்கு வந்த சுற்றறிக்கையில் புதுவிதப் புகைக் கருவி என்று போட்டிருந்த படம், அவள் நர்ஸம்மாவுக்கு எடுத்துக்கொடுத்த நகலில் வெறும் கறுப்புத் திட்டாக விழுந்துவிட்டது. அந்தக் கோபம் நர்ஸம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை.

எண்ணிக்கையை மறைத்திருக்கலாம். ஆனால் பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, பெட்டியைக் கொட்டிய அன்றைக்கே முடிவு என்ன என்று கேட்டுவிட்டார். ஆசிரியர் கூட்டத்தில் வாசித்தும் விட்டார். விளையாட்டு வாத்தியார் தன் முப்பத்தெட்டுக்குச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். பெரிய டீச்சர் மட்டும் சிரிக்காமல், அந்த நூற்று எழுபதுதான் தன்னைப் பயமுறுத்துகிறது என்றார். பிறகு, அந்த ஜெராக்ஸ் பெண்ணை நலக் குழுவில் சேர்த்துக்கொண்டால் என்ன என்று கேட்டார். “உங்களுக்கும் ஒத்தாசையா இருக்கும் இல்லையா, சிஸ்டர்?”

நர்ஸம்மா சிரித்த முகமாகத் தலையாட்டினாள். பதினோரு வருஷம் தான் கட்டிய வீட்டில் நேற்று வந்தவளுக்குத் திண்டு போட்டு உட்காரவைக்கச் சொல்கிறார்களே என்று உள்ளே குமைந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஜெராக்ஸ் அறையில் ஓயாத வேலை. ஒரு தாளுக்கு ஒருதரம், அதே தாளுக்கு இரண்டாம்தரம் என்று போய் நின்றாள். அப்படி என்னதான் செய்கிறாள் இவள், சொக்குப்பொடி ஏதாவது போடுகிறாளா என்று பார்த்தாள். ஒன்றுமில்லை. மெஷின் சூடேற நேரமாகும். அதுவரை வந்த பிள்ளையின் கையில் ஒரு ஸ்டேப்ளரைத் திணித்து, “சும்மா நிக்காதே, இதை அடிச்சுக் குடு” என்பாள். பிள்ளை அடிக்கும். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு மெஷினோடு மல்லுக்கட்டுவாள். சிக்கிய தாளை இழுத்தபடி தன் வீட்டுக் குழாய் ஒழுகுவதை, தன் அண்ணி பேசிய பேச்சை, பஸ்ஸில் செருப்பு அறுந்ததை எல்லாம் கொட்டுவாள். வாய் ஓயாத பெண்பிள்ளை. பிள்ளை நடுவில் ஏதாவது சொன்னால் திரும்பக்கூட மாட்டாள். “ம், அப்புறம்?” அவ்வளவுதான். இதற்கா நூற்று நாற்பத்து மூன்று?

ஒருநாள் அங்கே போனபோது உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். குடம் உருண்ட மாதிரி ஒரு சிரிப்பு. எந்தப் பிள்ளை இது என்று நர்ஸம்மா குனிந்து பார்த்தாள். அவள் மகள். பதினைந்து வயது. தாள் கட்டின்மேல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்கு வேலை வேறு ஊரில். வீட்டில் தாயும் மகளும் இரண்டே பேர். அந்த வீட்டில் இந்தச் சிரிப்பு எத்தனை மாதமாகக் கேட்கவில்லை என்று நர்ஸம்மாவால் எண்ணிச் சொல்லமுடியும். என்ன கேட்டாலும் ‘ஒண்ணுமில்ல’. சோறு வேண்டுமா என்றால் ‘ம்’. போதுமா என்றால் ‘ம்’.

தாயைக் கண்டதும் மகள் சட்டென்று இறங்கி நின்று, “வாங்க மேடம்” என்றாள். பள்ளிக்குள் மேடம்தான், சலுகை காட்டுகிறாள் என்று ஒருத்தர் சொல்லிவிடக்கூடாது என்று நர்ஸம்மாவே வைத்த சட்டம் அது. அன்றைக்கு அந்த மேடம் அவள் காதில் முள்ளாகத் தைத்தது. ஜெராக்ஸ் அக்கா முதுகைத் திருப்பாமலே, “எத்தனை காப்பி நர்ஸம்மா?” என்று கேட்டாள்.

மறுநாள் நர்ஸம்மாவும் சுகாதார அறையில் ஒரு ஸ்டேப்ளர் வாங்கி வைத்தாள். சிரிக்கவேண்டாம், பொறாமை வந்தால் மனுஷர் இதுவும் செய்வார்கள், இதற்கு மேலும் செய்வார்கள். முழங்கால் சிராய்த்துக்கொண்டு வந்த ஒரு சிறுமியின் கையில் அதைக் கொடுத்து, இதை அடித்துக் கொடு என்றாள். அந்தப் பிள்ளை முகம் வெளிறிப்போய் நாற்பது தாளையும் மூச்சுவிடாமல் அடித்து முடித்துவிட்டு, இதைப் பேரேட்டில் எழுதுவீர்களா, வீட்டுக்குச் சொல்வீர்களா என்று கேட்டது. ஸ்டேப்ளர் அன்றைக்கே அலமாரிக்குள் போனது.

அப்புறம்தான் கடிதம் எழுதினாள். தலைமையாசிரியைக்கு, உரிய மரியாதையுடன். உரிய தகுதியில்லாத ஒரு நபர் மாணவ மாணவியருக்கு ஆலோசனை கூறிவருகிறார் என்றும், வகுப்பு நேரத்தில் பிள்ளைகளை அடைசலான அறையில் உட்காரவைத்துக் கொள்கிறார் என்றும், இது நலத்திட்டத்தின் நோக்கத்துக்கே விரோதமானது என்றும் எழுதினாள். எழுத எழுத அது பொறாமை என்பது மறைந்து கடமையாகிவிட்டது. நீல மையில் அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். படியில்லாத கடிதம் எழுதாத கடிதம் என்பது அவள் கொள்கை. எதை எழுதினாலும் ஒரு நகல் கோப்பில் இருக்கவேண்டும். ஆனால் அந்தப் பள்ளியில் மெஷின் ஒன்றுதான். ஒருத்தியின் மேல் புகார் எழுதி அவளிடமே போய் ஒரு காப்பி எடுத்துக்கொடு என்று கேட்கமுடியுமா? மதியம் சாப்பாட்டுக்கு அவள் போகிற நேரம் பார்த்து நர்ஸம்மா மாடிப்படிக்கு அடியில் நுழைந்தாள்.

கடிதத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து, மூடியை மூடி, பொத்தானை அமுக்கினாள். தாள் இல்லை என்று மெஷின் விளக்கு மினுக்கியது. மேல் தட்டு காலி. கீழ்த் தட்டு வேலை செய்யாது, தொடாதீர்கள் என்று ஜெராக்ஸ் அக்கா எல்லோரிடமும் சொல்வது வழக்கம். அவசரத்துக்கு அதை இழுத்தாள். அதில் தாள் இல்லை. கழிவுத் தாளில் சுற்றிய ஐந்து பொட்டலங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு தேதி. பெயர் கிடையாது. ஒன்றைப் பிரித்தாள். தடித்த பேனா மாதிரி ஒன்று. எழுதும் முனை இல்லை. பழ மிட்டாய் வாசனை அடித்தது.

சுற்றறிக்கை நகலில் கறுப்புத் திட்டாக விழுந்த மின்சிகரெட் இதுதான் என்று அந்த நிமிஷம்தான் அவளுக்கு விளங்கியது. இன்னொன்றும் விளங்கியது. ‘பேனா இருக்கா?’, ‘உன் பேனாவைக் குடேன்’ என்று பிள்ளைகள் தாழ்வாரத்தில் கேட்டுக்கொள்வதை ஆறேழு மாதமாகக் கேட்டு, படிப்பில் எவ்வளவு ஆர்வம் என்று பூரித்துப் போயிருக்கிறாள். பைச் சோதனையில் சிகரெட் வாசனைக்கு மோந்து மோந்து பார்த்துவிட்டு, இதே மாதிரி ஒன்றை எடுத்து, “பேனாவைப் பத்திரமா வெச்சுக்கோ, தொலைச்சிடாதே” என்று ஒரு பிள்ளையின் பையில் திருப்பிப் போட்டிருக்கிறாள். நினைத்ததும் காது மடல் சுட்டது. வெட்கம் ரொம்ப நேரம் நிற்கவில்லை, கோபமாக மாறிவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி அல்லவா அகப்பட்டிருக்கிறது! இவள் விற்கிறாளா, வாங்கி வைக்கிறாளா என்று யோசிக்க அவளுக்குப் பொறுமையில்லை. கடிதத்தை வெளியே எடுத்து, கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: ‘மெஷினின் கீழ்த் தட்டில் தடைசெய்யப்பட்ட பொருட்கள் ஒளித்து வைக்கப்பட்டுள்ளன. நானே கண்ணால் கண்டேன்.’ சுவரோரக் கட்டிலிருந்து தாள் உருவிப் போட்டு நகல் எடுத்தாள். பொட்டலத்தை இருந்தபடியே சுற்றி வைத்துவிட்டு, கையில் தாளோடு படபடவென்று நடந்தாள்.

அந்தப் பள்ளியில் யாரிடமாவது புகைக் கருவி அகப்பட்டால் இரண்டு வாரம் நீக்கம்; ஊழியர் யாராவது அதை மறைத்தால் வேலையே போய்விடும். அந்த விதியை எழுதிக்கொடுத்ததும் நர்ஸம்மாதான். மாதக் கடைசிக்குள் படிக்கட்டு அறை காலியாகிவிடும் என்று நடந்துகொண்டே கணக்குப் போட்டாள்.

பெரிய டீச்சர் போனில் இருந்தார். வாசலில் இருந்த அலுவலக உதவியாளரிடம், பெரிய விஷயம், புகார், உடனே பார்க்கவேண்டும் என்று நர்ஸம்மா சொன்னாள். சொல்லிவிட்டுக் கடிதத்தை ஒருமுறை விரித்துப் பார்த்தாள். கையெழுத்து கறுப்பாக இருந்தது. தான் போட்டது நீலம்.

ஜெராக்ஸ் எடுக்கிற உலகம் முழுக்கச் செய்கிற தப்பு அது. நகலைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரிஜினலை மூடிக்கு அடியிலேயே விட்டுவிட்டு வருவது. பிள்ளைகள் செய்யும்போதெல்லாம் கவனம் எங்கே இருக்கிறது என்று திட்டுகிறவள் அவள். இப்போது புடவை தடுக்கத் தடுக்க ஓடினாள்.

அதற்குள் ஜெராக்ஸ் அக்கா திரும்பி வந்திருந்தாள். வகுப்புக்கான கேள்வித்தாளைப் படியெடுக்க மகளும் வந்திருந்தாள். மூடியைத் தூக்கியது மகள். கடிதத்தைப் படித்து முடித்துக் கையில் வைத்திருந்தாள். ஜெராக்ஸ் அக்கா படித்தாளோ இல்லையோ, அவள் முகத்தில் ஈயாடவில்லை. அவள் முதல்முறையாக மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“அம்மா” என்றாள் மகள். மேடம் இல்லை. “அதுல ஒண்ணு என்னுது.”

நர்ஸம்மாவுக்கு முதலில் அர்த்தமே ஏறவில்லை. எதில் ஒன்று என்று கேட்டாள்.

“தட்டுல இருக்கறதுல. பன்னெண்டு நாள் முன்னாடி குடுத்தேன். அதுக்கப்புறம் தொடல.” மேஜைமேல் கிடந்த வெள்ளைத் தாள் ஒன்றைத் தாயின் பக்கம் தள்ளினாள். “நீ எழுதிக்கோ. பேர், கிளாஸ் எல்லாம் எழுதிக்கோ. வீட்டுக்குப் போன் பண்ணு. நீதானே எடுப்பே.”

மகள் புகைத்தாள் என்பது நர்ஸம்மாவைச் சுடவேண்டும். அது பிறகு சுட்டது. முதலில் சுட்டது வேறு. பன்னிரண்டு நாளாக இந்த வாயாடிக்குத் தெரிந்திருக்கிறது, பெற்றவளுக்குத் தெரியவில்லை. காலையில் பல் தேய்க்கிற சத்தத்திலிருந்து இரவில் புரண்டு படுக்கிற சத்தம்வரை தெரிந்த தனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்திலும் பொறாமைதான் முந்திக்கொண்டது என்றால் அது எப்பேர்ப்பட்ட சனியன் என்று பாருங்கள்.

“எனக்கு ஏன் சொல்லல?” என்று ஜெராக்ஸ் அக்காவைப் பார்த்துக் கேட்டாள். “நான் அவ அம்மா.”

ஜெராக்ஸ் அக்கா விரலில் ஒட்டியிருந்த மையைத் துணியில் துடைத்தாள்.

“சொல்லியிருக்கணும் நர்ஸம்மா. அஞ்சு பிள்ளைங்கள்ல நாலு பேர் விஷயத்துல, சொன்னா மறுபடி வராதுங்களேன்னுதான் சொல்லல. உங்க பொண்ணு விஷயம் அப்படி இல்ல.” துணியை மடித்து மேஜைமேல் வைத்தாள். “நான் வந்த நாள்லேருந்து உங்க வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பார்த்து ஏங்கினவ. உங்க பொண்ணு உங்களை விட்டுட்டு எங்கிட்ட வர்றான்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமை. அதை விட மனசு வரல. தப்புதான்.”

நர்ஸம்மாவுக்குத் தன் வீட்டு நெருப்பே எதிர்வீட்டிலும் எரிவதைப் பார்த்த மாதிரி இருந்தது. திட்டலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அலுவலக உதவியாளர் படிக்கட்டில் குனிந்து, பெரிய டீச்சர் கூப்பிடுகிறார், ஏதோ புகார் என்றீர்களே என்றார்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் கடிதத்தை நீட்டினாள். தடுக்கவில்லை, கெஞ்சவில்லை, நீட்டினாள். கொடுத்தால் மகள் இரண்டு வாரம் வெளியே, மற்ற நாலு பிள்ளைகளும் வெளியே, ஜெராக்ஸ் அக்கா வேலையிலிருந்தே வெளியே. கொடுக்காவிட்டால், எதற்காக இவளை வெளியேற்ற நினைத்தாளோ அதையே தான் செய்தவளாகிவிடுவாள். நர்ஸம்மா கடிதத்தை வாங்கி, கையிலிருந்த நகலோடு சேர்த்து நாலாக மடித்து இடுப்பில் செருகினாள். கீழ்த் தட்டை இழுத்து ஐந்து பொட்டலங்களையும் அள்ளிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். தலைமையாசிரியை அறைக்கு நடந்தாள்.

பெரிய டீச்சரின் மேஜைமேல் நர்ஸம்மா ஐந்தையும் வைத்தாள். பிள்ளைகள் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்தது, பழக்கத்தை விட்டுவிட்டார்கள், பெயர் கேட்காதீர்கள் என்றாள். பெரிய டீச்சர் ஒவ்வொன்றாகத் தேதியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“யார்கிட்ட குடுத்தாங்க?”

வரும் வழியிலேயே யோசித்து வைத்திருக்கவேண்டிய கேள்வி அது. நர்ஸம்மா யோசித்திருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் விதிப்படி ஒருத்தியின் வேலை போகும்.

“எங்கிட்ட” என்றாள்.

பெரிய டீச்சர் எழுந்துவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சீட்டுகளை அன்றைக்குச் சபையில் வாசித்தது தன் தவறு, நாலு சீட்டு வாங்கினாலும் ஐந்து பிள்ளைகளை மீட்டவர் நீங்கள் என்றார். இரண்டு வார நீக்கம் என்கிற விதியை நீங்களே உட்கார்ந்து மாற்றி எழுதிக் கொண்டுவாருங்கள் என்றார். அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லப்போவதாகவும் சொன்னார். பதினோரு வருஷமாக இந்த வார்த்தைகளுக்காகத்தான் நர்ஸம்மா காத்திருந்தாள். வந்தபோது ஒன்றும் இனிக்கவில்லை. கூட்டத்தில் சொல்லவேண்டாம் என்று இரண்டுமுறை கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

ஜெராக்ஸ் அறைக்குத் திரும்பி, நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். உன் வேலைக்கு ஒன்றுமில்லை, ஆனால் நல்ல பெயர் எனக்குப் போய்விட்டது என்றாள். ஜெராக்ஸ் அக்கா சிரிக்கப் பார்த்தாள். சரியாக வரவில்லை.

“பரவாயில்ல. வேலைதான் முக்கியம்” என்றாள். சொன்னதில் கொஞ்சம் கசப்பு இருந்தது. அதைக் கேட்க நர்ஸம்மாவுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும்.

பள்ளி விட்டபிறகு தாயும் மகளும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். வழக்கமாக மகள் தோழிகளோடு போய்விடுவாள், அன்றைக்குப் போகவில்லை. எப்போது தொடங்கினாய், யார் கொடுத்தது, எத்தனை நாள் என்று கேட்கவேண்டியவை நர்ஸம்மாவிடம் வரிசையாக இருந்தன. புதன்கிழமை வகுப்பில் சொல்கிற அத்தனையும் நுனிநாக்கில் இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“அவகிட்ட போனியே. ஏன்டி எங்கிட்ட வரல?”

மகள் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தாள்.

“வந்தேனே.”

“எப்போ?”

“பரீட்சைக்கு முன்னாடி. மூணு தடவை வந்தேன். சொல்லணும்னுதான் வந்தேன்.” செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “தலை வலிக்குதுன்னு ஆரம்பிச்சேன். நீ உடனே வாயில தெர்மாமீட்டரை வெச்சுட்டே. எடுத்துப் பார்த்துட்டு, காய்ச்சல் இல்ல, மாத்திரை போட்டுட்டு கிளாஸுக்குப் போன்னே. மூணு தடவையும்.” பிறகு, குற்றம் சொல்கிற குரலில் இல்லை, நிஜமாகவே தெரியாத மாதிரி கேட்டாள். “வாயில தெர்மாமீட்டர் இருக்கும்போது எப்படிம்மா பேசறது?”

நர்ஸம்மாவுக்கு நினைவிருந்தது. மூன்று நாளும் நினைவிருந்தது. வெளியே இரண்டு பிள்ளைகள் காத்திருந்தார்கள். சொந்த மகளை அதிக நேரம் உட்காரவைத்தாள் என்று பேச்சு வரக்கூடாது என்று சீக்கிரம் அனுப்பிவைத்தாள். நான் எவ்வளவு நேர்மையானவள் என்று அன்றைக்கு உள்ளூர நினைத்தும் கொண்டாள். ஜெராக்ஸ் அறைக்குப் போவதற்கு முன்னால் பிள்ளை தன் முன்னால்தான் வந்து உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் பொறாமையை இனி யார்மேல் காட்டுவது?

அவர்கள் பஸ் வந்து நின்றது. மகள் எழுந்தாள். நர்ஸம்மா எழவில்லை.

“இப்போ தலை வலிக்குதா?”

மகள் யோசித்துவிட்டு, “வலிக்குது” என்றாள்.

கைப்பையில் மாத்திரை இருந்தது. நர்ஸம்மாவின் கை பழக்கத்தில் பையின் ஜிப்பைப் பாதிவரை திறந்தது. அப்புறம் மூடிவிட்டு, மகளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பஸ் போய்விட்டது.

“சொல்லு” என்றாள்.